முட்டி போட்டு உட்காரும் நாற்காலி முதுகை நிமிர்த்துமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு வயது 31. வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் நிறுவனக் கணக்குகளைப் பார்க்கிறீர்கள். பிற்பகல் நான்கு மணி ஆனால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தங்கை கல்யாணத்தில் யாரோ பக்கவாட்டில் எடுத்த போட்டோவைப் பார்த்தபோதுதான், கழுத்து முன்னால் நீண்டு தோள்கள் உருண்டு போயிருப்பது தெரிந்தது. தோழி ஒருத்தி முன்னால் சரிந்த இருக்கையும் கணைக்காலைத் தாங்க ஒரு திண்டும் உள்ள, முட்டி போட்டு உட்காரும் நாற்காலி, கடைக்காரர்கள் சொல்லும் ‘நீலிங் சேர்’, வாங்கிவிட்டு “முதுகு தானாக நிமிர்ந்துவிடும்” என்கிறாள். அம்மாவோ தரையில் சம்மணம் போட்டு உட்கார் என்கிறார். ஒன்பதாயிரம் ரூபாய் போடலாமா என்பது கேள்வி. படியேறும்போது முழங்காலில் சத்தம் கேட்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அதற்கு வருகிறேன்.

நான் 19 ஆண்டுகளாக பிசியோதெரபி செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக என் மேசைக்கு முன்னாலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது, பக்கத்தில் முதுகு சாயும் சாதாரண நாற்காலி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த நாற்காலி உங்கள் இடுப்பை நிமிர்த்தும். கழுத்தை நிமிர்த்தாது. உங்கள் போட்டோவில் தெரிந்தது கழுத்து, நான்கு மணிக்கு வலிப்பது இடுப்பு. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்து வாங்கப் போகிறீர்கள். அங்கேதான் பணம் வீணாகும்.

இடுப்பில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். எழுந்து நில்லுங்கள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகெலும்பைத் தடவுங்கள். உள்நோக்கிய ஒரு பள்ளம் தட்டுப்படும். உள்ளங்கையை அங்கேயே வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருங்கள். பள்ளம் மெல்ல நிரம்பி, சில நொடிகளில் முதுகு உங்கள் கையை வெளியே தள்ளும். இப்போது எழுந்து, சமையலறையில் உயரமான ஸ்டூல் இருந்தால் அதன் விளிம்பில், முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி உட்காருங்கள். கைக்கடியில் பள்ளம் திரும்பி வந்திருக்கும். நிமிர வேண்டும் என்று நீங்கள் எந்த முயற்சியும் செய்யவில்லை. தொடை தாழ்ந்தது, அவ்வளவுதான். இந்த நாற்காலியின் முழுச் சூட்சுமமும் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

உட்காரும்போது தொடைக்கும் உடலுக்கும் இடையே 90 டிகிரி மடிப்பு வேண்டும். அந்த 90 டிகிரியும் தொடை மூட்டிலேயே மடிகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஷோபெர்த் என்ற ஜெர்மானிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1962-இல் சொன்ன கணக்கு வேறு. ஏறக்குறைய 60 டிகிரிதான் தொடை மூட்டில் மடிகிறது. மீதி 30 டிகிரியை, இடுப்பெலும்பு பின்னோக்கி உருள்வதும் கீழ்முதுகு தன் வளைவை இழந்து தட்டையாவதுமாகச் சேர்ந்து ஈடுகட்டுகின்றன. தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பெலும்பின் அடியில் பற்றியிருக்கின்றன. தொடை மேலே வர வர அவை இறுகி, அடியைப் பிடித்து முன்னால் இழுக்கின்றன. அடி முன்னே போனால் மேல்பகுதி பின்னே சாயத்தானே வேண்டும். அமெரிக்காவில் கீகன் என்ற மருத்துவர் 1953-லேயே பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்து, தொடைக்கும் உடலுக்கும் இடையே சுமார் 135 டிகிரி இருக்கும்போது கீழ்முதுகு தன் இயல்பான வளைவில் இளைப்பாறுகிறது என்று காட்டியிருந்தார். ஒருக்களித்துப் படுத்துக் காலை லேசாக மடக்கித் தூங்குகிறோமே, கிட்டத்தட்ட அந்த நிலை அது.

டென்மார்க்கில் மாண்டால் என்ற அறுவை மருத்துவர் 1970-களில் பள்ளிப் பிள்ளைகள் உட்காருவதைக் கவனித்தார். எழுதும்போது பிள்ளைகள் நாற்காலியின் பின்கால்களைத் தூக்கி, முன்கால்கள் இரண்டில் மட்டும் நிறுத்தி, முன்னால் சரிந்து உட்காருகிறார்கள். நம் வகுப்பறைகளிலும் இதைத்தான் செய்வார்கள், “ஒழுங்காக உட்காரு” என்று அடியும் வாங்குவார்கள். பிள்ளைகளின் உடல் 90 டிகிரியைத் தவிர்க்கப் பார்க்கிறது என்று மாண்டால் புரிந்துகொண்டார். இருக்கையே முன்னால் சரிந்திருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். தொடை நாற்காலியில் கிடைமட்டமாக இருப்பதுதான் ஒழுக்கம் என்ற எண்ணம் நம் மனதில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று நினைக்கும்போது அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இருக்கையைச் சரித்தால் ஆள் வழுக்கிக் கீழே வருவார். அதற்கு நார்வேக்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மெங்ஷோல் ஒரு வழி கண்டுபிடித்தார்: கணைக்காலுக்கு முன்னால் ஒரு திண்டு வைத்து வழுக்கலைத் தடுத்துவிடுவது. அந்த யோசனையை வைத்துப் பீட்டர் ஓப்ஸ்விக் 1979-இல் ஸ்டொக்கே நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘வேரியபிள் பாலன்ஸ்’தான் இன்று நீங்கள் பார்க்கும் எல்லா முட்டி நாற்காலிகளுக்கும் மூத்தது. குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் ‘ட்ரிப் ட்ராப்’ நாற்காலியை 1972-இல் செய்தவரும் இதே ஓப்ஸ்விக்தான். வேரியபிளின் அடியில் வளைந்த மரச்சட்டங்கள் இரண்டு இருக்கும், ஆடும் நாற்காலியில் இருப்பதைப் போல. அதை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நிலையில் உறைந்துபோகாமல் மனிதன் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இன்று மலிவு விலையில் வருகிற பலவற்றில் அந்த வளைவை எடுத்துவிட்டு நான்கு சக்கரங்களை மாட்டிவிடுகிறார்கள். நாற்காலியின் பாதி உயிர் அதிலேயே போய்விடுகிறது.

இங்கே பலருக்கும் இருக்கிற தவறான எண்ணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயரில் முட்டி இருப்பதால், உடம்பின் கனம் முட்டியில் இறங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பள்ளியில் முட்டி போட்ட நினைவு எல்லோருக்கும் இருக்கிறது, வலிக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். வலிக்கக் கூடாது. கனத்தின் பெரும்பகுதி புட்டத்தில்தான் இருக்க வேண்டும். முன் திண்டு வழுக்கலைத் தடுக்கும் தடுப்பு மட்டுமே. அதில் படவேண்டியதும் முழங்கால் சில்லு அல்ல, அதற்கு நான்கு விரற்கடை கீழே, கணைக்காலின் முன்பக்கம்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண் இதை எனக்கு நன்றாகக் காட்டிக்கொடுத்தார். நாற்காலி வாங்கி மூன்று வாரம். இடுப்பு வலி குறைந்திருந்தது, ஆனால் இரண்டு முழங்கால் சில்லுக்கும் கீழே ஐந்து ரூபாய் நாணய அளவில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதை வீடியோ எடுத்து வரச் சொன்னேன். பார்த்த உடனே தெரிந்தது. வழவழப்பான டைல்ஸ் தரை, சக்கரம் வைத்த நாற்காலி. அவர் விசைப்பலகையைத் தொடக் கை நீட்டும்போதெல்லாம் நாற்காலி ஒரு விரல் அளவு பின்னால் ஓடுகிறது. அதைப் பிடித்து நிறுத்த அவர் முழங்காலைத் திண்டில் குத்தி ஊன்றுகிறார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. இருக்கையின் சரிவும் கடைசி அளவுக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. “அதிகம் சரித்தால் அதிகம் நிமிரும் என்று நினைத்தேன்” என்றார். சரிவை இரண்டு படி குறைத்தோம், சக்கரத்துக்கு அடியில் ரப்பர் பாய் போட்டோம், முன் திண்டை ஒரு கட்டைவிரல் நீளம் முன்னால் தள்ளினோம், மேசையை அவர் பக்கம் இழுத்தோம். பத்து நாளில் தோல் தெளிந்துவிட்டது. நாற்காலி அதேதான், ஆளும் அவரேதான்.

ஆகவே அளவு முக்கியம். இருக்கை முன்னால் சரியும் கோணம் 15 டிகிரிக்குக் குறைந்தால் பயன் குறைகிறது, 25-ஐத் தாண்டினால் கணைக்கால் கதறும். நடுவில் எங்காவது, உங்கள் தொடை நீளத்துக்கு ஏற்ற இடத்தில் வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. உட்கார்ந்த நிலையில் ஒரு காலைத் திண்டிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிப் பாருங்கள். உடம்பு சட்டென்று முன்னால் சறுக்கினால் சரிவு அதிகம். அப்படியே இருந்தால் சரி. வேலையின் நடுவிலும் இப்படி ஒரு காலை எடுத்து வெளியே வைப்பது, மாற்றுவது, இரண்டையும் வெளியே வைப்பது எல்லாம் நல்லதுதான். இந்த நாற்காலியில் தவம் இருக்கக் கூடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்பதாயிரம் செலவழிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. முட்டி நாற்காலியை 20 டிகிரி சரித்து வைத்து, சமதள இருக்கை கொண்ட சாதாரணக் கணினி நாற்காலியோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. நிற்கும்போது இருக்கும் கீழ்முதுகு வளைவை முட்டி நாற்காலி அதிகம் காப்பாற்றுகிறது என்று அதில் கண்டார்கள். மறுபக்கம், 1980-களில் இந்த நாற்காலிகள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, உட்கார்ந்து பார்த்தவர்கள் காலில் அசௌகரியம் சொன்னார்கள், சாதாரண நாற்காலியே மேல் என்று முடிவு சொன்ன ஒப்பீடுகளும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். முதுகுக்கு நல்லது செய்துகொண்டே காலை வருத்தலாம். வளைவு காப்பாற்றப்பட்டது என்பதால் வலி தீரும் என்று பொருளாகிவிடாது. கூன் விழுந்து உட்கார்ந்தும் எண்பது வயது வரை இடுப்பு வலி அறியாத தையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், நேராக நிமிர்ந்தே உட்கார்ந்து வலியால் அழுத வங்கி ஊழியரையும் பார்த்திருக்கிறேன். எந்த நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் இருப்பதுதான் பெரும்பாலானோருக்குத் தொல்லை தருகிறது. நான் பார்த்த அளவில் இந்த நாற்காலி உதவியதற்குப் பாதிக் காரணம் அதன் கோணம். மீதிப் பாதி, அதில் ஒரு மணி நேரத்துக்குமேல் யாராலும் தொடர்ந்து உட்கார முடியாது, எழுந்தே ஆக வேண்டும் என்பது.

இனி கழுத்துக்கு வருவோம். உங்கள் கழுத்தை முன்னால் இழுப்பது மடிக்கணினி. விசைப்பலகையும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பொருள் அது. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் திரை மார்புக்கு நேராக இருக்கும், கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கை தோள்வரை தூக்க வேண்டும். முட்டி நாற்காலியில் இந்தத் தொல்லை கூடும், குறையாது. இடுப்பு நிமிர்ந்தவுடன் தலை இரண்டு மூன்று அங்குலம் உயர்கிறது. திரை பழைய இடத்திலேயே கிடக்கிறது. நிமிர்ந்த முதுகின் உச்சியிலிருந்து கழுத்து மட்டும் கொக்குபோல வளைந்து கீழே பார்க்கும். இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வந்தது என்று சொல்லி நாற்காலியைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

எனவே நாற்காலிக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு தனி விசைப்பலகையும் ஒரு மவுஸும். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மடிக்கணினியைப் பழைய டெலிபோன் டைரக்டரியோ தடித்த புத்தகங்களோ அடுக்கி உயர்த்துங்கள். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக, அல்லது ஒரு விரல் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில். நீங்கள் இருபார்வைக் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம், உங்கள் வயதில் அது தேவைப்படாது. கணக்குத் தாள்களை மேசையில் படுக்கப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் அதுவும் கழுத்தைக் கீழே இழுக்கும். சாய்வான பலகை ஒன்றில், திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பழைய மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதும் மேசைப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூடி அவர் பக்கம் சரிந்திருக்கும். பேரேட்டைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். நாம் கண்ணைப் பேரேட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

மேசை உயரத்தையும் பாருங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். சாதாரண நாற்காலியின் இருக்கை 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், முட்டி நாற்காலி அதைவிட உயரம். ஐந்தடிக்குச் சற்று மேலே இருக்கிற பெண்ணுக்கு 75 சென்டிமீட்டர் மேசை சாதாரண நாற்காலியிலிருந்து பார்த்தால் உயரம் அதிகம், தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்வார். உங்கள் தோள் உருண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முட்டி நாற்காலி இந்த இடத்தில் உதவும், முழங்கை மேசை மட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் கீழே இடம் வேண்டும். சாப்பாட்டு மேசைகளில் பலகைக்கு அடியில் சுற்றிலும் ஒரு சட்டம் ஓடும். தொடை அதில் இடிக்கிறதா, முன் திண்டு மேசையின் குறுக்குக் கட்டையில் முட்டுகிறதா என்று அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இடித்தால் மேசையைவிட்டு ஓர் அடி தள்ளி உட்காருவீர்கள், எட்டி எட்டி வேலை செய்வீர்கள், போட்ட பணம் அத்தனையும் அந்த ஓர் அடியில் போய்விடும்.

உடையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. புடவையிலும் நைட்டியிலும் இந்த நாற்காலியில் ஏறி இறங்குவது சிரமம். துணி கணைக்காலுக்கும் திண்டுக்கும் நடுவில் சிக்கி, எழும்போது பின்னால் இழுக்கும். விழுந்தவர்களை எனக்குத் தெரியும். சுடிதார் பரவாயில்லை. வேட்டி, லுங்கி கட்டுகிற ஆண்களுக்கும் இதேதான். வெயில் காலத்தில் ரெக்சின் திண்டு தோலோடு ஒட்டிக்கொண்டு வேர்க்குருவைக் கொண்டுவரும். துவைத்துப் போடக்கூடிய பருத்தி உறை ஒன்று தைத்துப் போடுங்கள், பழைய தலையணை உறைகூடப் போதும். ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. நாற்காலியைப் பக்கவாட்டில் கடந்து, முதலில் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகத் திண்டில் வையுங்கள். முதலில் முட்டியை ஊன்றி ஏறினால் முழுக் கனமும் ஒரு கணம் முழங்காலில் இறங்கும்.

இப்போது உங்கள் முழங்கால். படியேறும்போது நறநறவென்று சத்தம் மட்டும் வந்து, வலியும் வீக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறதா? தரையில் உட்கார்ந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறதா? பஸ்ஸில் நெடுநேரம் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போது முழங்கால் பிடிக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் முட்டி நாற்காலி வேண்டாம், முதலில் முழங்காலைக் காட்டுங்கள். இந்த நாற்காலியில் முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடிந்தே இருக்கும், சில்லின் பின்பக்கத்தில் அழுத்தம் ஏறும்.

வேறு சிலருக்கும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், முழங்காலில் ஜவ்வு அறுவை செய்துகொண்டவர்கள், மூட்டு மாற்றியவர்கள். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள். கர்ப்பிணிகள், ஏறி இறங்கும்போது தடுமாறும் ஆபத்துக்காக. எல்லோருக்கும் மேலாக, சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள். கணைக்கால் எலும்பின்மேல் தோல் மட்டும்தான் இருக்கிறது, சதை கிடையாது. உணர்ச்சி உள்ளவருக்கு அழுத்தம் வலிக்கும், இடம் மாற்றி வைப்பார். உணர்ச்சி இல்லாதவர் புண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். வீட்டில் இந்த நாற்காலி இருந்தால், சர்க்கரை உள்ள அப்பாவோ மாமனாரோ ஆசைக்கு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தால், அன்போடு எழுப்பிவிடுங்கள்.

இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, பாதம் தொய்வது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி மங்குவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நாற்காலிப் பேச்சே வேண்டாம். உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், இரவில் படுத்தாலும் விடாத வலியும் அப்படித்தான்.

அம்மா சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து எழுவது தொடை மூட்டையும் முழங்காலையும் இலகுவாக வைத்திருக்கும், அதற்கு ஈடான உடற்பயிற்சி குறைவு. ஆனால் சம்மணம் போட்டுத் தட்டச்சு செய்வது வேறு விஷயம். வெறும் தரையில் சம்மணம் போட்டால் நம்மில் பலருக்கு முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது. முன்பு சொன்ன அந்த 30 டிகிரி கணக்கு இங்கே இன்னும் மோசமாகும், முதுகு வில்லாக வளையும். அந்தக் காலத்தில் இலைக்கு முன்னால் மணைப்பலகை போட்டு உட்கார வைத்தார்களே, இரண்டு அங்குலம் உயர்ந்தாலும் இடுப்பெலும்பு முன்னால் உருண்டு முதுகு எழும்பும். அதே தத்துவம்தான். நீங்கள் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து போன் பேசுவதாக இருந்தால் மடித்த போர்வையின் விளிம்பில் உட்காருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

அந்தப் போர்வையை வைத்தே நாற்காலிச் சோதனையும் செய்யலாம். ஒன்பதாயிரம் போடுவதற்கு முன்னால் இதை ஒரு வாரம் செய்யுங்கள் என்று என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். கைப்பிடி இல்லாத, சமதள இருக்கை உள்ள மர நாற்காலி ஒன்றை எடுங்கள். உங்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, அதன் நடுவில் குழி இருக்கும். ஒரு கனமான போர்வையை நான்காக மடித்து, இருக்கையின் பின்பாதியில் மட்டும் வையுங்கள். முன்பாதி வெறுமையாக இருக்கட்டும். போர்வையின் முன்விளிம்பில் புட்டத்தை வைத்து, தொடை முன்னால் சரியும்படி, பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதியும்படி உட்காருங்கள். திரையை உயர்த்திவிட்டீர்கள் அல்லவா? இந்த இரண்டோடு ஒரு வாரம் வேலை செய்யுங்கள். நான்கு மணி வலி பாதியாகக் குறைந்தால் உங்கள் உடம்பு இடுப்புக் கோணத்துக்குப் பதில் சொல்லும் உடம்பு, முட்டி நாற்காலி உங்களுக்கு இன்னும் அதிகம் உதவக்கூடும். ஒன்றும் மாறவில்லை என்றால் வலி வேறு இடத்திலிருந்து வருகிறது, நாற்காலி வாங்கினாலும் மாறாது. என் அனுபவத்தில், கேட்டு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தப் போர்வையிலேயே நின்றுவிட்டார்கள். நான் அதைத் தோல்வியாக நினைக்கவில்லை.

வாங்கிவிட்டால் முதல் வாரம் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். முதுகுக்குச் சாய்மானம் இல்லாததால் இத்தனை ஆண்டுகள் ஓய்வெடுத்த முதுகுத் தசைகள் வேலை செய்யத் தொடங்கும். மூன்றாம் நாள் தோள்பட்டைகளுக்கு இடையே லேசான களைப்பு வரும். எனக்கு வந்தது, நான்கைந்து நாளில் போயிற்று. அது எரிச்சலாகவோ குத்தலாகவோ மாறினால் நிறுத்துங்கள். வாரம் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டி, ஒரு தடவைக்கு 45 நிமிடம், நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நேரத்துக்குச் சாயும் நாற்காலி, தொலைபேசி வந்தால் நடை. களைத்தால் இந்த நாற்காலியிலும் கூன் விழும். யாரும் தடுக்க முடியாது. கூன் விழுந்ததை உணர்ந்த கணம் முதுகை இழுத்துப் பிடிக்காதீர்கள், எழுந்துவிடுங்கள்.

தோள் உருண்டதற்கு நாற்காலியைவிடக் கதவுநிலை பயன்படும். முழங்கைகள் இரண்டையும் தோள் மட்டத்தில் நிலையின் இரு பக்கமும் பதித்து, ஒரு காலை முன்வைத்து, மார்பு விரியும்வரை மெல்ல முன்னால் சாயுங்கள். முப்பது எண்ணும்வரை. காலையும் மதியமும் மாலையும் மும்மூன்று முறை. அதோடு, குப்புறப் படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, தோள்பட்டைகளைப் பின்னால் கூட்டி மார்பை இரண்டு அங்குலம் தூக்குவது, பத்து முறை. இரண்டு மாதம் விடாமல் செய்த பிறகு இன்னொரு பக்கவாட்டுப் போட்டோ எடுங்கள், அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் நின்று.

கடைசியாக வாங்குவது பற்றி. சக்கரம் உள்ளதைவிட வளைசட்டம் உள்ளது நல்லது. முன் திண்டு ஒரே நீளத் துண்டாக இருப்பது நல்லது, இரண்டு குட்டித் திண்டுகளாகப் பிரிந்திருந்தால் கால் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். திண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், அடிப்பலகை தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். இருக்கைக்கும் திண்டுக்கும் உள்ள தூரத்தை மாற்ற முடியாத நாற்காலி யாரோ ஒருவருடைய கால் நீளத்துக்குச் செய்தது, அது நீங்களாக இருக்க வாய்ப்பு குறைவு. இணையத்தில் வாங்குவதைவிட, அந்தத் தோழியிடம் ஒரு வாரம் இரவல் கேளுங்கள். ஏழு நாளும் இரவு குளித்த பிறகு கணைக்காலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறுநாள் காலையிலும் தடம் இருந்தால் அளவை மாற்றுங்கள், மாற்றியும் போகாவிட்டால் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போர்வையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.